குலசாமிக்குச் சொன்ன விலாசம்

எங்கள் ஏலக்காய்க் கடைக்கு இணையதளம் ஒன்று வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன் மகன் சொன்னபோது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்கு நேரில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவே எனக்குப் பொறுமை கிடையாது. இதில் முகம் தெரியாதவர்களுக்கு வேறு கதவைத் திறந்து வைக்க வேண்டுமாக்கும். ஆனால் அவன் பிடித்தால் உடும்புப்பிடி. ஒரு மத்தியானம் கல்லாவுக்குப் பக்கத்தில் கணினியைக் கொண்டுவந்து வைத்து, பெயரைப் பதிவு செய்யப் போகிறேன், கூட உட்கார் என்றான்.

என்ன பெயர் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், என் அக்கா எங்கள் ஏலக்காய்ப் பாக்கெட்டுக்கு வைத்த பெயரேதான். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், கதை சொல்கிற சாக்கில் கடைக்கு விளம்பரம் செய்கிறாள் என்பீர்கள்.

அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. பதிகிறவர் யார், எந்தத் தெரு, எந்த ஊர், போன் நம்பர் என்ன என்று அது வரிசையாகக் கேட்டது. தட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இதை இப்படியே விட்டா உலகத்துல யாரு வேணும்னாலும் பாக்கலாம்மா. தளத்தோட பேரைக் கொடுத்துத் தேடினா நம்ம வீடு, போனு எல்லாம் வந்து நிக்கும். அதை மறைக்க வழி இருக்கு. நமக்குப் பதிலா ஒரு கம்பெனி அவுக பேரையும் விலாசத்தையும் போட்டுக்கிருவாக. தேடி வர்றது அவுககிட்டப் போகும். நமக்கு வேண்டியதை மட்டும் இங்க அனுப்பிவிடுவாக."

"கமிஷன் கடை அண்ணாச்சி மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"எந்த அண்ணாச்சி?"

அவனுக்குத் தெரியாது. அக்கா ஒருத்தி இருந்தாள் என்பது தெரியும். எங்கேயோ போய்விட்டாள் என்பது தெரியும். ஏன், எப்படி என்பதை நான் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பெற்ற தாயைத் திட்டாமல் முடிக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் தேவாரம். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம், விளைந்ததில் யானை தின்றது போக மிச்சம் எங்களுக்கு. எங்களைப் பெற்ற ஆத்தாதான் அதைக் கட்டிக் காத்தாள். அக்காவைக் கம்பம் பக்கத்தில் ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். அந்த வீட்டுக்காரனை நான் மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே அந்த ஆள் என்றே எழுதுகிறேன். அதுவே அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அக்கா இடுப்பில் பெண்பிள்ளையோடு வந்து வாசலில் நின்றாள். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து கிடந்தது. உலைத்தண்ணீர் கை தவறிக் கொட்டிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். எங்களிடம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போனால் எங்கே இருந்தாலும் தேடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உன்னைக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்று அந்த ஆள் சொல்லியிருந்தான். அதை மட்டும் சொன்னாள். செய்யக்கூடியவன்தான்.

தேவாரத்தில் இருக்க முடியாது. அவன் தேடி வரும் முதல் இடம் அதுதான். காயத்தில் தோல் கட்டியதும் நானும் அக்காவும் பிள்ளையும் போடிக்கு வந்தோம். ஒரு சந்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் காய் பிரிக்கப் போனோம். மலைத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காயைச் சுளகில் கொட்டி, பருத்தது, சிறுத்தது, வெடித்தது என்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பிள்ளை மூட்டைகளுக்கு நடுவில் விளையாடும். எங்கள் சேலை, தலைமுடி, சோற்றுப்பானை எல்லாமே ஏலக்காய் மணத்தது. முதல் மாதம் சுகமாக இருந்தது, பிறகு குமட்டியது, அப்புறம் அது இருப்பதே மறந்துபோனது.

அக்கா ஒளிந்திருப்பதை ஒரு வேலையாகவே செய்தாள். ஊருக்குக் கடுதாசி போடக்கூடாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. ஆத்தா எங்களைப் பார்க்க வருவதானால் நேராகப் போடிக்கு டிக்கெட் எடுக்கக்கூடாது. நடுவில் சிலமலையில் இறங்கி, காட்டு வேலைக்கு வந்தவள் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்று, அடுத்த பஸ்சைப் பிடித்து வர வேண்டும். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழியில் யாரிடமும் விசாரிக்கவும் கூடாது என்பதால், கதவு நம்பரையும் சந்தின் பெயரையும் அக்கா அவளுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவைத்தாள். ஆத்தா அதை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். சாமி பேர் மாதிரி.

பிள்ளைக்கும் பாடம் நடந்தது. யாராவது கன்னத்தைக் கிள்ளி, "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டால், தேவாரம் என்றோ கம்பம் என்றோ போடி என்றோ சொல்லிவிடக் கூடாது. அது சொல்லும்: "ஏலக்கா ஊரு."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதுவும் சிரிக்கும். பிள்ளைக்கு அது விளையாட்டு. நான் ஒவ்வொரு தரமும் அதைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் அக்காவுக்குத் துணிச்சல் வந்தது. வெடித்த காய் மலிவாகக் கிடைக்கும். டீக்கடைக்கும் பாயசத்துக்கும் அது போதும். அதை வாங்கிச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு ரயிலில் மதுரைக்கு அனுப்பலாம் என்றாள். பாக்கெட்டுக்குப் பெயரும் வைத்தாள். லேபிள் அடிக்க அச்சாபீசுக்குப் போனால், யார் பாக்கெட் போடுவது, எந்த விலாசம் என்று அச்சடித்தே ஆக வேண்டும் என்றார்கள். விலாசம் இல்லாத சரக்கைக் கடைக்காரன் வாங்கவும் மாட்டானாம். அக்கா அங்கேயே திரும்பி நடந்தாள். கம்பத்துக் கடையில் ஒரு பாக்கெட் தொங்கினால் போதுமே, எல்லாம் முடிந்தது.

அப்போதுதான் கமிஷன் கடை அண்ணாச்சி சொன்னார். எங்களுக்குக் கூலி கொடுத்தவர். கடுகடுவென்று இருப்பார். காயில் ஒரு தூசி கிடந்தாலும் சுளகைத் தட்டிவிடுவார்.

"எங்கடை விலாசத்தைப் போட்டுக்க. யாரும் வந்து கேட்டா நான் பேசிக்கிர்றேன்."

"உங்களுக்கு வம்பு வந்திரப்போகுது அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"வம்பு வந்தா எங்கடைக்குத்தான வரும், ஒங்க வீட்டுக்கு வராதுல்ல. போய் வெரசா அடிச்சிட்டு வா."

லேபிளில் அவர் பெயர் வந்தது. சரக்கு நன்றாக இருக்கிறது என்று மதுரையிலிருந்து கார்டு வந்தால் அவருக்கு வரும். உப்புக்குப் பெறாத குறை சொல்லி வந்தாலும் அவருக்கே வரும். அதற்கு மட்டும் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டுவார். அவர் பெயரில் எங்கள் பாக்கெட் ஊர் ஊராகப் போனது, நாங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தோம். அக்கா மறுபடி பூ வைத்துக்கொண்டாள். கையில் தழும்பு இருந்த பக்கத்தில் கண்ணாடி வளையல் வாங்கி அடுக்கினாள். என் அக்கா அவ்வளவு சிரிப்பாள் என்பது எனக்கு அந்த ஒற்றை அறையில்தான் தெரியும்.

அந்த ஆள் தேவாரத்துக்கு அவ்வப்போது ஆள் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். ஆத்தாவிடம் அவன் பருப்பு வேகவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவில் இறங்கி மாரில் அடித்துக்கொள்வாள். "எம்மகளை என்னடா பண்ணுன? கொன்னு எங்கடா பொதைச்ச? பிள்ளையையாச்சும் கண்ணுல காட்டுடா!" ஊர் கூடிவிடும். வந்தவன் தான் ஒன்றும் செய்யவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போக வேண்டியதாகிவிடும். ஆத்தா எங்களிடம் வந்து அதை நடித்துக் காட்டுவாள். நாங்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிப்போம். அப்படிப்பட்டவள்தான் அதைச் செய்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஒரு ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணைத் திறக்கவில்லை, வைத்த தண்ணீர் உதட்டோரம் வழிந்தது. டாக்டர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். ஆத்தா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டாள். பிறகு பிள்ளை தேறியது. கஞ்சி கேட்டது. டாக்டர் கொடுத்த மருந்தில் தேறியது என்று நான் நினைத்தேன். ஆத்தா அப்படி நினைக்கவில்லை.

பிள்ளை யார் வம்சமோ அந்த வம்சத்துக் குலசாமிதான் அதைக் காக்கும் என்பது அவள் கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவளுக்கே குலசாமி மாறிவிடும் என்கிறபோது பிள்ளைக்குக் கேட்பானேன். எங்கள் சாமியைக் கூப்பிட்டுப் பிள்ளை கண் திறக்கவில்லை. அந்த ஆளின் குலசாமியைக் கூப்பிட்டதும் திறந்தது. அதற்குக் கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்போம் என்று தெரியும்.

சும்மா ஒரு நாளில், கோயிலில் யாரும் இல்லாத பகல் வேளையாகப் பார்த்து, முக்காடு போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவு ஜாக்கிரதை. ட்யூப்லைட்டில் பெயர் எழுதுகிறவன், உபயம் என்று போட்டுவிட்டு, யார் பேர் ஆத்தா என்று கேட்டிருக்கிறான். பிள்ளை பெயரைச் சொன்னாள். தாய் பெயரைச் சொன்னாள். பிறகு தனக்கு மனப்பாடமாக இருந்த ஒன்றையும் சொன்னாள். கதவு நம்பர், சந்து, போடிநாயக்கனூர். அவன் சிவப்புப் பெயின்டில் அழகாக எழுதிக் கொடுத்தான்.

மாசியில் சிவராத்திரி வந்தது. வருஷம் முழுக்கக் குலசாமியை மறந்திருப்பவர்களும் அன்றைக்குக் குடும்பத்தோடு போய் நிற்பார்கள். அந்த ஆளும் போனான். அவன் தலைக்கு மேல் அது எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, ஒரு கையில் பிஸ்கட் பொட்டலம்.

"என்ன கொழுந்தியா, சௌக்கியமா?"

அந்த ஆள்தான். சந்து முனையில் வேறு ரெண்டு பேர் நின்றார்கள்.

"ட்யூப்லைட்டு நல்லாப் பளிச்சுன்னு எரியுது. கதவு நம்பரு மொதக்கொண்டு போட்டிருக்கீகளே. நானும் எங்கெங்கயோ தேடினேன். குலசாமியே வழி காட்டிருச்சு பாத்தியா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த ட்யூப்லைட் என்று கேட்டேன். அவன் நிதானமாக, சந்தோஷமாக, எல்லாவற்றையும் சொன்னான். அக்கா மலையில் குரங்கணிக்குக் காப்பிப்பழம் எடுக்கப் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள் என்றேன். "அதுக்கென்ன, இருக்கேன்" என்று நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டு மதினியின் இடுப்பில் குடத்தை வைத்துவிட்டு, "கடைக்கு ஓடுங்க மதினி. அவுக வந்திருக்காகன்னு அக்காட்டச் சொல்லுங்க" என்றேன். அவள் வேறு எதுவும் கேட்காமல் குடத்தை அங்கேயே இறக்கிவிட்டுப் போனாள். நான் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்து அந்த ஆளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவனை அங்கேயே உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஏலக்கா தட்டிப் போட்டிருக்கியோ? நல்லா இருக்கு" என்றான்.

அவன் அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, கமிஷன் கடை வாசலில் அரிசி லோடு ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்ப நின்ற ஒரு தோட்டத்து ஜீப்பில் அண்ணாச்சி அக்காவையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டார். கட்டின சேலை, பிள்ளை கையில் தின்றுகொண்டிருந்த முறுக்கு, அவ்வளவுதான். நான் அதைப் பார்க்கவில்லை. அவர் சொல்லிக் கேட்டதுதான். என் அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அன்று காலையில் அவள் பிள்ளைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது. அதுதான் கடைசி என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஆள் இருட்டும் வரை இருந்தான். பிறகு பானை சட்டியை உடைத்தான். என்னை அடித்தான். மறுநாளும் வந்தான், பல நாள் வந்தான். எனக்கு நிஜமாகவே தெரியாது என்பது போகப் போக அவனுக்கும் புரிந்துவிட்டது.

நான் அண்ணாச்சியிடம் போய் அழுதேன். எந்தத் தோட்டத்து ஜீப்பு, எங்கே இறங்கினாள், யார் வீட்டில் இருக்கிறாள். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மலை மேல மெட்டு வரைக்கும் அந்த ஜீப்பு. அங்கெருந்து வேற வண்டி. அதுக்கு மேல நான் கேக்கல. கேட்டாத் தெரிஞ்சிரும், தெரிஞ்சா என்னைக்காச்சும் வாயில வந்திரும்."

"எங்கிட்டச் சொல்லச் சொல்லி எதுவும் சொல்லலையா அண்ணாச்சி?"

அவர் தராசைக் கீழே வைத்தார். "சொன்னா" என்றார். "ஆத்தாட்டச் சொல்லாதீக, அவ சாமிகிட்டச் சொல்லிருவான்னா. தங்கச்சிகிட்டயும் வேணாம், அவ ஆத்தாட்டச் சொல்லிருவான்னா."

சொல்லியிருப்பேன்தான். ஆத்தா அழுகிற அழுகைக்கு நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அக்காவுக்கு எங்களைத் தெரியும்.

ஆத்தாவை நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. "ஒளிச்சு வைக்கிற வீட்டு விலாசத்தை ஊரு பாக்க எரியவிட்டியே, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று கத்தினேன். அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சாமிக்கு எப்பிடித்தா தெரியும், எந்த வீட்டுப் பிள்ளைன்னு? பேரை மட்டும் சொன்னா அந்தப் பேர்ல எத்தனை பிள்ளைக இருக்கு. காவலுக்கு எந்த வாசல்ல போய் நிக்கும்?"

அவள் அதைச் சாமிக்குத்தான் சொன்னாள். படிக்கத் தெரிந்தவர்களும் அதே இடத்துக்கு வருவார்கள் என்பது, படிக்கத் தெரியாத அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு அவள் ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனாள். பூசாரி ஏணி தர மாட்டேன் என்றாராம், போட்டது சாமி சொத்து என்றாராம். காலில் விழுந்து, ஏணி வாங்கி, ஏறித் துடைத்திருக்கிறாள். அவளுக்கு எது பெயர், எது விலாசம் என்று தெரியாதே. ஆகவே எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள், உபயம் என்ற எழுத்து உட்பட. எல்லாம் முடிந்த பிறகு. அதற்கப்புறம் அவள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அக்கா பெயரைச் சொல்ல மாட்டாள். "எம்மக, எம்பேத்தின்னு மட்டும்தான் சொன்னேன்" என்று என்னிடம் வந்து சொல்வாள், சரிதானே என்று கேட்பதுபோல. நானும் சரி என்பேன்.

எண்பதுகள் முடிவதற்குள் ஆத்தா போய்விட்டாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான் மலைக்குப் போகிற ஜீப்பு ஒன்று விடாமல் ஒட்டச் சொன்னேன். என் பெயரையும் விலாசத்தையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். கருமாதி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அந்த ஆளும் வேறு கல்யாணம் செய்து, குடித்து, ஒரு நாள் செத்துப்போனான். அக்கா யாருக்குப் பயந்து ஒளிந்தாளோ அவன் இல்லை. அதை அவளிடம் சொல்லத்தான் ஆள் இல்லை, விலாசம் இல்லை. அண்ணாச்சியும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் கடையைத்தான் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் வாங்கினோம்.

இவ்வளவையும் மகனிடம் அந்த மத்தியானம் சொன்னேன். அவன் கணினியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அப்பக் கட்டாயம் மறைச்சிருவோம்மா" என்றான்.

"மறைக்காதப்பு" என்றேன். "எம்பேரு, கடை விலாசம், போன் நம்பரு எல்லாத்தையும் தெறந்து வை. அந்தப் பாக்கெட்டுப் பேரு ஒங்க பெரியம்மா வச்சது. என்னைக்காச்சும் அவளோ அந்தப் பிள்ளையோ அதைப் போட்டுத் தேடினாகன்னா, அண்ணாச்சி பேரு வந்து நிக்கக்கூடாது. நான் இருக்கணும்."

அப்படியே செய்தான். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. கடன் வேண்டுமா என்கிறார்கள், தளத்தை அழகாக்கித் தரட்டுமா என்கிறார்கள். இந்தியில் பேசுகிறார்கள், இங்கிலீஷில் பேசுகிறார்கள். தொல்லை தாங்க முடியவில்லை, இப்போதாவது மறைத்துவிடலாம் என்று மகன் இன்னமும் சொல்கிறான். நான் ஒரு போனையும் விடுவதில்லை. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எடுத்துவிடுவேன். பெண்குரலாக இருந்தால், அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்க எந்த ஊரும்மா என்று கேட்பேன்.

சென்னை என்பார்கள். பெங்களூர் என்பார்கள். ஏலக்கா ஊரு என்று இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை.